கல்யாணம் இல்லாத நாட்கள்

1

போன வாரம் எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பள்ளியில் சேர்ந்து ஐந்து வருடம் ஆனதற்கு. மேடையில் மைக்கைப் பிடித்திருந்த ஆசிரியை, "மலேசியாவிலிருந்து வந்து நம் குழந்தைகளுக்கு ரிப்பன் டான்ஸ் சொல்லித்தரும் நம்முடைய டான்ஸ் மிஸ்" என்று என்னை அறிமுகப்படுத்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் டான்ஸ் மிஸ் இல்லை என்று மைக்கைப் பிடுங்கிச் சொல்ல எனக்கு ஒன்றும் பயம் கிடையாது. முதல் வருடமாக இருந்தால் சொல்லியிருப்பேன். இப்போது அதற்குத் தெம்பில்லை. கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டேன்.

அந்தப் படத்தை என் கணவர் எங்கேயோ போட்டுவிட, மலேசியாவில், கிள்ளானில் இருக்கும் என் தோழி அதைப் பார்த்துவிட்டுக் குரல் செய்தி அனுப்பினாள். "சாதிச்சிட்டடி! அங்க போயும் கோச்சா? கொஞ்சம் எழுதேன், நம்ம ஆளுங்க படிக்கட்டும்." சாதித்துவிட்டேன் என்று அவள் சொன்ன இடத்தில்தான் எனக்குச் சுருக்கென்றது. அதனால் எழுதுகிறேன். நல்ல செய்தியை எதிர்பார்ப்பவர்கள் இப்போதே அடுத்த பக்கத்தைத் திருப்பிவிடலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என் தொழில் ரிதமிக் ஜிம்னாஸ்டிக்ஸ் பயிற்சி தருவது. நம் மலேசியாவில் இதைச் சொன்னால் விளக்கம் தேவைப்படாது. பக்கத்து வீட்டுச் சீனப் பிள்ளையாவது ஒரு வருடம் போயிருக்கும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விரிப்பின்மேல், பாட்டுக்கு ஏற்றபடி, பந்து, வளையம், ரிப்பன் போன்றவற்றை வைத்துப் பெண்பிள்ளைகள் செய்யும் விளையாட்டு இது. அழகாக இருப்பதால் நடனம் என்று நினைத்துவிடுகிறார்கள். ஒரு பிள்ளை வளையத்தை உயரே வீசுகிறாள். அது மேலே போய்த் திரும்பி வருவதற்குள் தரையில் இரண்டு முறை உருள்கிறாள். எழும்போது வளையம் அவள் கையில் இருக்கவேண்டும். எவ்வளவு உயரம் வீசுகிறாளோ அவ்வளவு நேரம் அவளுக்குக் கிடைக்கும். தாழ்வாக வீசினால் நடுவர்கள் மதிப்பெண் தரமாட்டார்கள். மற்றதெல்லாம் மறந்தாலும் இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2

என் கணவர் கோயம்புத்தூர்க்காரர். கிள்ளானில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியராக இருந்தார். இங்கே கோவையில், கணபதிப் பகுதியில் அவருடைய அண்ணன் நடத்திவந்த பம்புசெட் பட்டறை தள்ளாட ஆரம்பித்தபோது, "ரெண்டே வருசம். நிமித்திவிட்டுட்டுத் திரும்பிடலாம்" என்றார். ஏழு வருடம் ஆகிவிட்டது. பட்டறையும் நிமிரவில்லை, நாங்களும் திரும்பவில்லை.

வந்த புதிதில் வெளிநாட்டவர் பதிவுக்காக ஓர் அலுவலகத்துக்குப் போனேன். மேசைக்குப் பின்னால் இருந்தவர் என்னையும் என் கடப்பிதழையும் (இங்கே பாஸ்போர்ட் என்றால்தான் புரியும்) மாறி மாறிப் பார்த்தார்.

"ஏனுங்க, நல்லாத் தமிழ்தானுங்களே பேசறீங்க. அப்புறம் எப்படிங்க ஃபாரினரு?"

"எங்க பாட்டனோட அப்பா கப்பல்ல போனாருங்க."

"அவரு எந்த ஊருங்க?"

"காரமடைப் பக்கம்னு சொல்வாங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டு, "நம்மூருக்காரங்க, பாருங்க" என்றார். எனக்கு டீ வந்தது. டீயைக் குடித்து முடித்ததும் அதே மலர்ந்த முகத்தோடு, "ஆனா இந்தப் பேப்பரு பத்தாதுங்க அம்மணி. அடுத்த வாரம் வாங்க" என்றார். அடுத்த வாரமும் டீ கொடுத்தார்கள். அதற்கடுத்த வாரமும்.

இந்த ஊரின் மரியாதையைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். எல்லாம் உண்மை. ஆனால் அதில் ஒரு சங்கடம் உண்டு. நம் மலேசியாவில் முடியாது என்றால் முகத்துக்கு நேராக முடியாது என்பார்கள். நாமும் நாலு வார்த்தை ஏசிவிட்டு வேறு வழி பார்ப்போம். இங்கே "பாக்கலாமுங்க" என்பார்கள். நான் வெகுநாள் அதை நம்பிக் காத்திருந்தேன். என் மகன் கவின்தான் ஒருநாள் சொன்னான்: "அம்மா, பாக்கலாமுங்கன்னா முடியாதுன்னு அர்த்தம். மரியாதையாச் சொல்றாங்க, அவ்வளவுதான்."

எட்டு வயதில் என் கையைப் பிடித்துக்கொண்டு விமான நிலையத்தில் அழுதவன் அவன். இப்போது பதினைந்து. வீட்டை ஊடு என்கிறான். கார் என்று சொல்லாமல் பழக்கத்தில் நான் "காடி" என்றால் நண்பர்கள் முன்னால் கூனிக் குறுகிப்போகிறான். மலாய் மொழியில் ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணச் சொன்னேன். ஆறுக்கு மேல் தடுமாறினான். அதை ஒரு வேடிக்கையாகத் தன் நண்பனுக்குச் சொல்லிச் சிரிக்கவும் செய்தான்.

3

பயிற்றுநர் என்றால் விசில் ஊதிக்கொண்டு நிற்பவர் என்று நினைக்காதீர்கள். பிள்ளைகள் வருவதற்கு முன் விரிப்பைப் பெருக்க வேண்டும். இங்கே உண்மையான போட்டி விரிப்பு கிடையாது. பவானி ஜமக்காளங்களை ஓரம் சேர்த்துத் தைத்து, நாலு மூலையிலும் டேப் ஒட்டி நானே ஒன்று செய்துவைத்திருக்கிறேன். கால் விரல் தையலில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க, வாராவாரம் தையலைத் தடவிப் பார்க்க வேண்டும். ரிப்பன்களை இஸ்திரி போட வேண்டும்; சுருக்கம் இருந்தால் முடிச்சு விழும். பாட்டை வெட்டி ஒட்ட வேண்டும். உடையில் கல் தைக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையின் முதுகையும் முழங்காலையும் தினமும் பார்க்க வேண்டும். வலிக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள், முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஒல்லியாக இருக்கட்டும் என்று சோற்றைக் குறைக்கும் அம்மாக்களை அதட்ட வேண்டும். கால் தெரியும் உடைக்கு முகம் சுளிக்கும் அப்பாக்களிடம், உள்ளே கால்சட்டை உண்டு என்று விளக்க வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகு மிச்சம் இருக்கும் நேரத்தில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

இவ்வளவையும் நான் சந்தோஷமாகவே செய்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வேலை இது. ஒரே ஒரு தொல்லை, சீலிங்.

எங்கள் பள்ளி திருச்சி சாலையில், சூலூர் தாண்டி இருக்கிறது. நான் சேர்ந்த வருடம்தான் அங்கே புது அரங்கம் ஒன்றைக் கட்டி, ஏசி போட்டு, ஏசி வீணாகாமல் இருக்க ஃபால்ஸ் சீலிங் அடித்திருந்தார்கள். வெள்ளை வெளேரென்று, ஓரமெல்லாம் நீல விளக்கோடு, கேக் மாதிரி இருக்கும். உயரமான ஒரு ஆள் நாற்காலிமேல் ஏறிக் கையைத் தூக்கினால் தொட்டுவிடலாம். தாளாளரிடம் போய், சீலிங்கைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் வேறு இடம் வேண்டும் என்றேன். அவர் எழுந்து நின்று என்னை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் பேசினார்.

"மேடம், அதுல ஒரு கீறல் விழுந்தாலும் மொத்தமா மாத்தோணுமுங்க. புள்ளைங்களக் கொஞ்சம் தாழ்வாப் போடச் சொல்லுங்க. வேற எடத்துக்கு, பாக்கலாமுங்க."

வெளியே மைதானத்தில் போடலாமே என்பீர்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்கு இந்த ஊரில் வேலையே எதையாவது தூக்கிப் போவதுதான். ஆனியில் ஒருநாள் முயன்று பார்த்தோம். வளையங்கள் சுற்றுச்சுவரைத் தாண்டித் தென்னந்தோப்புக்குள் போயின. அதோடு அந்த யோசனையும் போனது.

4

தர்ஷினி எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்பில் வந்து சேர்ந்தவள். பல்லடத்தைச் சேர்ந்த பெண். அவளுடைய அப்பா செல்வராசு, பண்ணைகளிலிருந்து பிராய்லர் கோழிகளைக் கடைகளுக்குக் கொண்டுபோகும் வண்டி ஓட்டுகிறார். சொந்த வண்டி. விடிவதற்குள் கோழிகளை இறக்கிவிட்டு, காலிக் கூண்டுகளோடு மகளைப் பயிற்சிக்குக் கொண்டுவந்து விடுவார். கூண்டுகளின்மேல் அவளுடைய வளையம் சணல் கயிற்றால் கட்டியிருக்கும். அவள் இறங்கும்போது முடியில் இறகு ஒட்டியிருக்கும். மற்றப் பிள்ளைகள் மூக்கைப் பிடிப்பார்கள். அவள் இறகை எடுத்து ஊதிவிட்டு, நேராக வந்து கை கால்களை நீட்டி மடக்க ஆரம்பிப்பாள்.

நான் கிள்ளானில் பார்த்த பிள்ளைகளையும் சேர்த்துச் சொல்கிறேன், இப்படி ஒரு முதுகையும் இப்படி ஒரு கையையும் நான் பார்த்ததில்லை. வளையம் அவள் கையிலிருந்து போகும்போதே எங்கே வந்து விழும் என்று அவளுக்குத் தெரியும். அவளைப் பார்த்த பிறகுதான், இந்த ஊருக்கு நான் வந்ததில் ஏதாவது அர்த்தம் இருக்கலாம் என்று நினைக்கத் தொடங்கினேன். அப்படி நினைத்திருக்கக் கூடாது.

அவள் ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் செல்வராசு என்னிடம் வந்தார். வண்டிச் சாவியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மிஸ்ஸு, ஒண்ணு சொல்லோணுமுங்க. அடுத்த வருசம் டென்த்துங்க. அப்புறம் இதுக்கெல்லாம் அனுப்ப மாட்டேன்னு என்ற சம்சாரம் சொல்லிப்போட்டாங்க. இந்த வருசத்துக்குள்ள எதாச்சும் ஆகுமுங்களா?"

ஆகும் என்றேன். கோடை விடுமுறையில் சென்னையில் மாநில அணிக்குத் தேர்வு. அதில் வந்துவிட்டால் தேசியப் போட்டி, விளையாட்டு விடுதியில் இடம், நல்ல விரிப்பு, நல்ல மருத்துவர், உயரமான கூரை. பத்தாம் வகுப்பை அங்கிருந்தே எழுதலாம். வராவிட்டால் இதோடு முடிந்தது. இந்த விளையாட்டில் ஒரு வருடம் விட்டால் உடம்பு மூடிக்கொள்ளும், பிறகு திறக்காது.

"அப்ப நீங்க பாத்துக்குங்க" என்றார். அவர் அதைச் சொன்ன விதத்தில் வேறு அர்த்தம் எதுவும் இல்லை. நம்பித்தான் சொன்னார்.

ஆனால் அவளைத் தேர்வுக்குத் தயார் செய்ய உட்கார்ந்தபோதுதான் எனக்கு விஷயம் பிடிபட்டது. இரண்டு வருடமாக அந்த சீலிங்குக்குக் கீழே வீசி வீசி, தர்ஷினி அதற்கேற்ற மாதிரி ஆகிவிட்டிருந்தாள். தாழ்வாக வீசினால் நேரம் குறைவு. அதனால் உருளும் வேகத்தை அவள் கூட்டிக்கொண்டாள். யாரும் சொல்லித்தரவில்லை. கண் சிமிட்டுவதற்குள் இரண்டு முறை உருண்டு எழுந்து கையை நீட்டுவாள், வளையம் அங்கே வந்து நிற்கும். சீலிங்கில் ஒரு கீறல் கிடையாது. பார்க்கிறவர்கள் வாயைப் பிளப்பார்கள். போட்டியில் அதற்கு ஒரு மதிப்பெண்ணும் கிடைக்காது.

5

உயரமான கூரை தேடி நான் அலைந்த கதை பெரிய கதை. கடைசியில் கிடைத்தது ஒரு கல்யாண மஹால். கோட்டைமேட்டில், பழைய கட்டடம். மாடியில் பெண்கள் உட்கார்ந்து பார்ப்பதற்குச் சுற்றிலும் பால்கனி வைத்துக் கட்டியிருந்ததால், நடுக்கூடம் இரண்டு மாடி உயரத்துக்குத் திறந்து கிடந்தது. உள்ளே நுழைந்ததும் அண்ணாந்து பார்த்துக்கொண்டே கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன்.

மஹாலின் சொந்தக்காரர் சாதிக் பாய். பந்தல் சாமான், பாத்திரம் வாடகைக்கு விடுபவர். நான் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு, "புள்ளைங்க வெளையாடறதுக்குத்தானுங்களே?" என்றார். "கல்யாணம் இல்லாத நாள்ல வந்து ஆடிக்குங்க டீச்சரம்மா. ஏசி மட்டும் போட்டுறாதீங்க." வாடகை பற்றிப் பேச வாயெடுத்தேன். "அட, சும்மா இருங்க" என்று எழுந்து போய்விட்டார்.

கல்யாணம் இல்லாத நாட்கள். அன்றிலிருந்து என் பயிற்சித் திட்டம் முழுவதும் அதை நம்பித்தான். முகூர்த்த நாள் பார்த்துப் பிள்ளைகளுக்கு விடுமுறை விடும் பயிற்றுநர் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சமையலறையில் தினசரிக் காலண்டரைத் தொங்கவிட்டு, தேய்பிறை வளர்பிறை எல்லாம் கற்றுக்கொண்டேன். பஞ்சாங்கத்தை மட்டும் பார்த்தால் போதாது. கோட்டைமேட்டு முஸ்லிம் வீட்டுக் கல்யாணங்களுக்குக் கணக்கு வேறு. தையும் மாசியும் அங்கொன்று இங்கொன்றாகத்தான் கிடைத்தன. பிறகு ரம்ஜான் மாதம் வந்தது. நோன்பு மாதத்தில் அந்த மஹாலில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. மஹால் ஒரு மாதம் முழுக்கக் காலி.

அந்த மாதத்தைப் பற்றி மட்டும் நான் பொய் சொல்ல மாட்டேன். சந்தோஷமாக இருந்தேன்.

முதல் நாள் தர்ஷினியிடம், "எவ்வளவு உயரம் முடியுமோ அவ்வளவு உயரம் போடு" என்றேன். அவள் வீசினாள். பழக்கத்தில் வளையம் அவள் தலைக்குக் கொஞ்சம் மேலே போய்த் திரும்பியது. மறுபடியும் அதே. நான் அவள் கையைப் பிடித்து, தோளிலிருந்து வீசச் செய்தேன். வளையம் பால்கனியைத் தாண்டி, மின்விசிறிக் கம்பியைத் தாண்டி மேலே போயிற்று. அவள் உருளவே இல்லை. வாயைத் திறந்துகொண்டு அதைப் பார்த்தபடி நின்றாள். வளையம் கீழே விழுந்து உருண்டு, மணமேடையில் போய் முட்டிச் சாய்ந்தது. அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. மேலே பால்கனியில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்த சாதிக் பாய் எட்டிப் பார்த்து, "யா அல்லா, எம்மாம் ஒசரமுங்க!" என்றார்.

உயரமாக வீச அவள் இரண்டே நாளில் கற்றுக்கொண்டாள். பொறுத்திருக்கத்தான் கற்றுக்கொள்ள முடியவில்லை. வளையம் உயரே போனால் இறங்கி வர நேரம் ஆகும். அவளோ பழைய வேகத்தில் உருண்டு எழுந்து, வெறும் கையை நீட்டிக்கொண்டு நிற்பாள். "பொறு, பொறு. அது வரும், எங்கேயும் போகாது" என்று தொண்டை வறளக் கத்துவேன். நோன்பு வைத்திருந்த காவலாளி என்மேல் இரக்கப்பட்டுத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மாதக் கடைசியில் வந்துவிட்டது. உயரமாக வீசினாள், நிதானமாக உருண்டாள், எழுந்தாள், வளையம் கையில் இருந்தது. மறுபடி செய்யச் சொன்னேன். செய்தாள். வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த செல்வராசு, "இது போதுமுங்களா மிஸ்ஸு?" என்றார். "இது போதும்" என்றேன்.

6

பெருநாள் பிறை தெரிந்தது. மஹாலுக்குச் சீரியல் விளக்கு போட்டார்கள்.

ஒரு மாதம் கல்யாணம் வைக்காமல் இருந்தவர்கள் எல்லோரும் அடுத்த மாதத்தில் வைப்பார்கள் என்பது எனக்கு ஏன் தோன்றவில்லை? பெருநாள் பிரியாணியோடு வீட்டுக்கு வந்த சாதிக் பாய் வாசலிலேயே தயங்கி நின்றார்.

"கோச்சுக்காதீங்க டீச்சரம்மா. பள்ளிக்கூட லீவு பாத்து எல்லாருமே வெச்சுப்போட்டாங்க. ஒரு நாள்கூட காலி இல்லீங்க. உங்கள மறந்துட்டு நானே அவங்களுக்கு வாக்குக் குடுத்துட்டனுங்க."

மற்ற மண்டபங்களுக்கு ஓடினேன். சித்திரை, வைகாசி, விடிந்தால் முகூர்த்தம். ஒரு தேவாலயத்தின் சமூகக் கூடத்தில் கேட்டேன். தவக்காலம் முடிந்து அங்கேயும் கல்யாணங்கள் வரிசை கட்டியிருந்தன. போன இடமெல்லாம் உட்காரச் சொன்னார்கள், மோர் கொடுத்தார்கள், பாக்கலாமுங்க என்றார்கள். ஊரே ஒன்றுகூடிக் கல்யாணம் செய்துகொண்டிருந்தது. மேளச் சத்தம் கேட்டாலே எனக்கு எரிச்சல் வந்தது.

ஆக, தேர்வுக்கு முந்தைய வாரங்களில் நாங்கள் மறுபடியும் அந்த நீல விளக்குச் சீலிங்குக்குக் கீழே இருந்தோம். வீசுவதுபோல் பாவனை செய், பொறுத்திரு, எழு என்று சொல்லிப் பார்த்தேன். இல்லாத வளையத்துக்காக எத்தனை நாள் ஒரு பிள்ளை பொறுத்திருப்பாள்? உடம்புக்கு எது பழக்கமோ அதுதான் வந்தது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அவளுடைய உருளல் வேகம் பிடிப்பதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். தடுக்க முடியவில்லை.

சென்னைக்கு ரயிலில் போனோம். செல்வராசு வண்டிக்கு லீவு விட்டுவிட்டு வந்திருந்தார். வழி நெடுக வளையத்தின் உறையைத் தன் மடிமேல் வைத்துக்கொண்டார். தேர்வு நடந்த உள்ளரங்கத்தில் கூரை எங்கேயோ இருந்தது. நாலைந்து மாடி உயரம் இருக்கும். தர்ஷினி உள்ளே நுழைந்து ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். பிறகு பார்க்கவில்லை.

பாட்டு தொடங்கியது. முதல் பாதி அழகாகப் போயிற்று. பிறகு அந்த வீச்சு. நான் சொல்லித்தந்தபடியே, தோளிலிருந்து, முழு உயரத்துக்கு வீசினாள். அதைக் கண்டதும் எனக்கு மூச்சு வந்தது. ஆனால் உருண்டது பழைய தர்ஷினி. கண் சிமிட்டுவதற்குள் இரண்டு முறை உருண்டு எழுந்து கையை நீட்டினாள். கையில் ஒன்றும் வரவில்லை. அண்ணாந்து பார்த்தாள். அத்தனை விளக்குகளுக்கு நடுவில் வளையத்தை அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஓரடி முன்னால் போனாள், ஓரடி பின்னால் வந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் விழுந்த வளையம் விரிப்பைத் தாண்டி உருண்டு, நடுவர்களின் மேசைவரை போயிற்று.

ஓடிப்போய் எடுத்து வந்தாள். அதற்குப் பிறகு வீசியதெல்லாம் தாழ்வாகத்தான் வீசினாள். ஒன்றைக்கூடத் தவறவிடவில்லை.

முடிந்ததும் என்னிடம் வந்து நின்றாள். அழவில்லை. "மேல பார்த்தனுங்க மிஸ். ஒண்ணுமே இல்லீங்க. எங்க நிக்கோணும்னே தெரியலீங்க" என்றாள். நான் அவளைக் கட்டிக்கொண்டேன்.

முடிவு அறிவிப்பதற்கு முன்பே எங்களுக்குத் தெரியும். வெளியே வரும்போது நடுவர்களில் ஒருவர் என்னை நிறுத்தி, "உங்கள் பெண்ணுக்கு என்ன வேகம்! எங்கே பிடித்தீர்கள் இந்த வேகத்தை?" என்று உண்மையான வியப்போடு கேட்டார். சூலூருக்குப் பக்கத்தில் என்றேன்.

7

திரும்பி வரும் ரயிலில் தர்ஷினி மேல் படுக்கையில் தூங்கிவிட்டாள். செல்வராசு எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நானும் அழுதுவிட்டு ஓய்ந்திருப்பேன்.

"போச்சாதுங்க மிஸ்ஸு" என்றார். பரவாயில்லை, போகட்டும் என்று பொருள். "நீங்க உங்களால ஆனதச் செஞ்சீங்க. எங்களுக்குக் குடுப்பினை இல்லீங்க."

"உங்களுக்குக் கோவமே வராதுங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என் காலிக் கப்பை வாங்கி வைத்தார். "வந்து என்னங்க பண்றது? யாரு மேலன்னு கோவப்படறது?" என்றார். பள்ளியின் மேலா, சீலிங்கின் மேலா, ஊரில் கல்யாணம் செய்துகொள்பவர்கள் மேலா? எல்லோரும் என்னிடம் அன்பாகத்தான் இருந்தார்கள்.

ஜூனில் பள்ளி திறந்தது. தர்ஷினி பத்தாம் வகுப்பு. இரட்டைச் சடை, தோளில் பெரிய பை. நடைபாதையில் எதிரே வந்தால் "வணக்கங்க மிஸ்" என்று சொல்லி ஒதுங்கி வழிவிடுகிறாள். என் தொழில்புத்தி என்னை விடுவதில்லை. அவள் பையைத் தூக்கும்போது வலது தோள் இறுகத் தொடங்கிவிட்டதைப் பார்க்கிறேன். நடையிலிருந்து அந்த நிமிர்வு போய்க்கொண்டிருக்கிறது. தினமும் கொஞ்சம் போகிறது. அவளுக்கு அது தெரியாது, எனக்குத் தெரியும். எந்த நேரத்தில் எந்த நடைபாதையில் அவள் வருவாள் என்று பார்த்து, இப்போது நான் வேறு வழியாகச் சுற்றிப் போகிறேன்.

கிள்ளானுக்கே திரும்பிவிடலாம் என்று ஒருநாள் சாப்பிடும்போது சொன்னேன். கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டு, "பாக்கலாம்" என்றார். கவின் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "நீங்க வேணாப் போயிட்டு வாங்கம்மா. நானும் அப்பாவும் ஊட்டைப் பாத்துக்கறோம்" என்றான். அன்பாகத்தான் சொன்னான். இவனும் இந்த ஊர்க்காரன் ஆகிவிட்டான் என்று அப்போதுதான் எனக்கு முழுதாக உறைத்தது. அன்றைக்கு நான் சரியாகச் சாப்பிடவில்லை.

இன்று காலை புதுப் பிள்ளைகள் வந்தார்கள். இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்புக் குழந்தைகள். ஆளுக்கொரு பந்தைக் கொடுத்து, உங்களுக்குப் பிடித்தபடி விளையாடுங்கள் என்றேன். அதில் மித்ரா என்று ஒருத்தி, முன்பல் இரண்டும் இல்லாதவள். பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். பிறகு இரண்டு கையாலும், குதித்து எழும்பி, உள்ள பலத்தையெல்லாம் சேர்த்து மேலே வீசினாள். என்ன ஒரு வீச்சு! பந்து சீலிங்கில் மோதித் தூள் உதிர்ந்தது. நல்ல வேளை, கீறல் விழவில்லை. அவள் பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

நான் அவள் பக்கத்தில் போய் மண்டியிட்டு, முடியில் இருந்த தூளைத் தட்டிவிட்டேன். "கொஞ்சம் தாழ்வாப் போடு, கண்ணு" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள். சொன்னதைக் கேட்கும் பிள்ளை. அடுத்த தடவை பந்து சீலிங் பக்கமே போகவில்லை.